நுரையீரல் மட்டும் ஏன் வேண்டாம் என்றார்கள்?

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த இருபத்திரண்டு வயதுப் பையன். பெற்றவர்கள் அவன் உறுப்புகளைத் தானம் கொடுத்திருந்தார்கள். உறுப்புக் கொடையாளர்களுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அறிவித்தார்களே, அந்த மரியாதையோடுதான் இறுதிச் சடங்கு நடந்தது. அதிகாரி மாலை வைக்கும் படம் ஹாலில் மாட்டியிருந்தது. பேசி முடித்துச் செருப்பு மாட்டும்போது அந்த அக்கா வாசல்வரை வந்தார். வீட்டுக்காரர் காதில் விழாதபடி கேட்டார்.

"தம்பி, நீங்க லேப்ல இருந்தவருதானே? இதயத்தை எடுத்துக்கிட்டாங்க, கல்லீரல், ரெண்டு கிட்னி, கண்ணு எல்லாம் எடுத்துக்கிட்டாங்க. நுரையீரல் மட்டும் வேண்டாம்னுட்டாங்க. அவன் சிகரெட் குடிச்சானா?"

சொந்தக்காரர் ஒருவர் வந்த இடத்தில் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 'இந்த வயசுல நுரையீரல் கெட்டிருக்குன்னா வேற என்ன காரணம் இருக்கும்?' பிள்ளையை இழந்த துக்கத்தோடு, பிள்ளை தன்னிடம் மறைத்தானோ என்ற சந்தேகமும் அந்த அம்மாவுக்குச் சேர்ந்துவிட்டது.

சேலத்து ஆஸ்பத்திரி லேப்களில் பல வருடம் ரத்தப் பரிசோதனை செய்தவன் நான். டாக்டர் இல்லை. ஆனால் நுரையீரல் தேறுமா தேறாதா என்ற பேச்சில் அடிபடும் முக்கியமான எண் ஒன்று எங்கள் மெஷினிலிருந்துதான் சீட்டாக வெளியே வரும். அந்த எண்ணைச் சுற்றி எவ்வளவு தப்பான பேச்சு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

திண்ணையில் இருக்கும் உறுப்பு

ஒருவர் உறுப்புத் தானம் செய்தால் எல்லா உறுப்பும் மொத்தமாகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகப் பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். இதில் அதிகமாகக் கைவிடப்படுபவற்றில் நுரையீரலும் ஒன்று. பல நாடுகளில் வெகுகாலமாகச் சொல்லப்படும் கணக்கு, ஐந்து கொடையாளர்களில் ஏறக்குறைய ஒருவருடைய நுரையீரல்தான் பயன்படுகிறது என்பது. ஆக, 'வேண்டாம்' என்பதுதான் வழக்கமான பதில். 'சரி' என்பதுதான் அபூர்வம். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதி வீட்டுச் சண்டை குறையும்.

ஏன் இப்படி? கிட்னி, கல்லீரல், இதயம் எல்லாம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவை. நுரையீரல் திண்ணை மாதிரி. தெருவில் போகிற தூசி, புகை, கிருமி எல்லாம் முதலில் அங்கேதான் வந்து உட்காரும்.

திண்ணை என்றதும் சின்ன இடம் என்று நினைத்துவிட வேண்டாம். மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத காற்றுப் பைகளில் முடிகிறது. இவற்றுக்குக் காற்றறைகள் என்று பெயர். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து முப்பது கோடிக்கு மேல் இருக்கும். அவ்வளவையும் பிரித்து விரித்தால் ஒரு ஷட்டில் கோர்ட்டைக் கிட்டத்தட்ட மூடிவிடும். ஒவ்வொரு காற்றறையின் சுவருக்குப் பின்னாலும் ரத்தம் ஓடுகிறது. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் ஆக்சிஜன் தாண்டிப் போகிறது. அதே காரணத்தால்தான் சீக்கிரம் சேதமும் ஆகிறது.

கடைசி இரண்டு நாளில் நடப்பது

மூளைச்சாவு என்பது கோமா இல்லை. மூளைத்தண்டு நிரந்தரமாகச் செயலிழந்து, தானாக மூச்சு விடும் திறன் போய்விட்ட நிலை அது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் இதை உறுதி செய்ய முடியும். இதயம் அதன் போக்கில் துடிக்கும். மூச்சை மட்டும் வென்டிலேட்டர் கொடுக்கும். வென்டிலேட்டர் என்றால் தொண்டைக்குள் போட்ட குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷின்.

அடிபட்ட நேரத்திலிருந்து நுரையீரலுக்குச் சோதனைக் காலம்தான். முதலில் அடி. மார்பு ஹேண்டில்பாரில் மோதினால் நுரையீரலுக்குள் ரத்தம் கட்டும். அடுத்தது வாந்தி. தலையில் அடிபட்டு நினைவு தப்பியவருக்குத் தொண்டையைக் காக்கும் இருமல் போய்விடும். வயிற்றில் இருக்கும் சாப்பாடும் அமிலமும் மேலே வந்து, உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாயில் இறங்கும். இதைப் புரையேறுதலின் மோசமான வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் புரையேறினால் இருமி வெளியே தள்ளுகிறோம், அவர்களால் முடியாது. ரோட்டோரத்தில் கிடக்கும் அந்தப் பத்து நிமிடத்திலேயே இது நடந்துவிடலாம்.

அப்புறம் மூளை சாகும் நேரம். அப்போது உடம்பில் அட்ரினலின் வகைச் சுரப்புகள் ஒரேயடியாகக் கொட்டும். ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். தோட்டத்து ரப்பர் ட்யூபின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மோட்டாரை முழு வேகத்தில் விட்டால் பழைய ட்யூபில் அங்கங்கே நீர் கசியுமே, அதுபோல நுரையீரலின் மெல்லிய ரத்தக்குழாய்களிலிருந்து நீர் காற்றறைகளுக்குள் கசியும். நுரையீரலில் நீர் கோர்ப்பது என்கிறார்களே, அது இதுதான். வாழ்நாளில் ஒரு சிகரெட் தொடாதவருக்கும் நடக்கும்.

அதற்கும் மேல், வென்டிலேட்டரில் ஒவ்வொரு நாள் கூடும்போதும் கிருமி தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. மல்லாந்தே கிடப்பதால் முதுகுப் பக்கத்துக் காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. இன்னொரு சங்கடம், ரத்த அழுத்தம் விழாமல் இருக்கவும் கிட்னி நன்றாக இருக்கவும் சலைன் ஏற்ற வேண்டும். நுரையீரலுக்கோ நீர் கூடினால் ஆகாது. ஒரே உடம்பில் ஒரு உறுப்பு தண்ணீர் கேட்கிறது, இன்னொன்று போதும் என்கிறது. ஐசியூ டாக்டர் நடுவில் நின்று பங்கு பிரிக்க வேண்டும், மேட்டூர் தண்ணீர் மாதிரி.

இதுவரை சொன்னது: நுரையீரல் வெளிக்காற்றைத் தொடும் உறுப்பு, சுவர் மெல்லியது. கொடையாளரின் நுரையீரல் நிராகரிக்கப்படப் பெரும்பாலும் காரணம் அடி, புரையேற்றம், நீர்க்கோர்ப்பு, தொற்று. இவையெல்லாம் ஓரிரு நாளுக்குள் வருபவை. இருபது வருட வாழ்க்கையைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

மல்கோவா வாங்கும் கண்

சீசனில் கடைவீதியில் மல்கோவா வாங்குகிற பெரியவர்களைக் கவனித்திருப்பீர்கள். நிறத்தை மட்டும் பார்த்து எடுக்க மாட்டார்கள். காம்புப் பக்கம் முகர்வார்கள், கையில் வைத்து எடை பார்ப்பார்கள், விரலால் லேசாக அழுத்துவார்கள், எந்தத் தோப்பு, எப்போது பறித்தது என்று கேட்பார்கள். அத்தனையும் செய்த பிறகும் வீட்டில் வந்து வெட்டினால் கொட்டைக்குள் வண்டு இருக்கலாம்.

நுரையீரலைத் தேர்வு செய்வதும் இந்த மாதிரிதான். ஒரே பரிசோதனையில் முடியாது. கொடையாளரின் வயது, நோய் வரலாறு, மார்பு எக்ஸ்ரே, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, குழாய் விட்டுப் பார்ப்பது, கடைசியில் ஆபரேஷன் டேபிளில் கையால் தொட்டுப் பார்ப்பது என்று அடுக்கடுக்காக வரும். எந்த அடுக்கிலும் 'வேண்டாம்' வரலாம்.

மாம்பழத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கெட்ட பழம் நல்லதாகாது. நுரையீரல் ஆகும். காலையில் மோசமாக இருந்தது, கவனித்துப் பார்த்துக்கொண்டால் மாலையில் தேறிவிடலாம். அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுவது தவறு. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஏற்காடும் 300 என்ற எண்ணும்

இப்போது எங்கள் லேப் சமாச்சாரத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

'ஏற்காடு போனா நல்ல ஆக்சிஜன்' என்று சொல்லாத சேலத்துக்காரர் இல்லை. காற்று சுத்தம்தான், குளிர்ச்சிதான். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் அங்கே நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையைவிடக் குறைவு! காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். மாறுவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அது 760 மி.மீ. பாதரசம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் ஆறில் ஒரு பங்கு குறைந்து சுமார் 635. இதில் ஆக்சிஜனின் பங்கான 21 சதவீதத்தை மட்டும் கணக்குப் போட்டால் கடற்கரையில் 160, ஏற்காட்டில் 133. ஒரு கலவைக் காற்றில் ஒரு வாயு மட்டும் தரும் இந்த அழுத்தத்துக்குப் பகுதி அழுத்தம் என்று பெயர். ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுவது இதுதான்.

ரத்தத்துக்குள் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அளப்பதுதான் ஏபிஜி. மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஆக்சிஜன், கரியமில வாயு, அமிலத்தன்மை ஆகியவற்றைப் பார்க்கும் பரிசோதனை. சாதாரணக் காற்றை மூச்சுவிடும் ஆரோக்கியமான ஆளுக்கு ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 80 முதல் 100 மி.மீ. பாதரசம் வரை வரும்.

கொடையாளருக்கு அப்படிப் பார்த்தால் போதாது. நுரையீரலுக்குப் பரீட்சை வைக்க வேண்டும். வென்டிலேட்டரில் ஆக்சிஜனை 100 சதவீதத்துக்கு ஏற்றுவார்கள். சுமார் அரைமணி நேரம் பொறுத்து ரத்தம் எடுத்து ஏபிஜி போடுவார்கள். உள்ளே முழுக்க ஆக்சிஜனையே கொட்டும்போது நல்ல நுரையீரல் ரத்தத்தில் 500ஐத் தாண்டிக் காட்டும். நீர் கோர்த்தோ சளி அடைத்தோ பல காற்றறைகள் வேலை செய்யாவிட்டால், அந்தப் பக்கம் போன ரத்தம் ஆக்சிஜன் வாங்காமலேயே திரும்பி நல்ல ரத்தத்தோடு கலந்துவிடும். எண் இறங்கும். 300க்கு மேல் இருந்தால் ஏற்கலாம் என்பது வெகுநாளாக இருக்கும் கோடு.

'உங்க பையனுக்கு ஆக்சிஜன் 95 சதவீதம் இருந்துச்சு, அப்புறம் ஏன் வேண்டாம்னாங்க?' என்று கேட்பவர்கள் குழப்புவது இங்கேதான். விரலில் மாட்டும் கிளிப் காட்டும் சதவீதம் வேறு. அது நூறுக்கு மேல் போக முடியாது, 300க்கும் 500க்கும் அதில் பெரிய வித்தியாசம் தெரியாது. எல்லாப் பையனும் நூறுக்கு நூறு வாங்கும் பரீட்சையில் யார் கெட்டிக்காரன் என்று கண்டுபிடிக்க முடியாது இல்லையா? அந்த மாதிரி.

இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. சிரிஞ்சில் ரத்தம் எடுத்ததும் நான் செய்த முதல் வேலை, ஊசியை மேலே பார்க்கத் திருப்பி, விரலால் தட்டி, காற்றுக் குமிழியை வெளியேற்றுவது. அப்புறம் மூடியை மாட்டி, ரத்தம் உறையாமல் இருக்க உள்ளே போட்டிருக்கும் ஹெப்பாரின் மருந்தோடு ரத்தம் கலக்க இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டி, தாமதமாகும் என்றால் ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு ஓடுவேன். மிளகளவு குமிழி ஒன்று உள்ளே தங்கிவிட்டாலும் ஆபத்து. அந்தக் குமிழி வெறும் அறைக் காற்று, அதன் ஆக்சிஜன் 160க்குள். ரத்தத்தில் 400 இருந்தால் குமிழி அதைக் கீழே இழுக்கும். அதனால் 290 என்று சீட்டு வந்தால், திரும்ப ஒரு சாம்பிள் கொடுங்கள் என்று கேட்பதற்கு நான் கூச்சப்பட்டதே இல்லை.

சாம்பிள் சரியாகவே இருந்தாலும் குறைந்த எண் கடைசித் தீர்ப்பு ஆகாது. சளியை உறிஞ்சி எடுத்து, மூடிய காற்றறைகள் திறக்கும்படி கொஞ்ச நேரம் கூடுதல் அழுத்தத்தில் ஊதிப் பிடித்து, தேங்கிய நீரை மருந்தால் சிறுநீராகப் போக்கி, மறுபடி பார்த்தால் 220 என்றது 380 ஆகலாம். வென்டிலேட்டரை வைக்கும் விதமும் முக்கியம். 2010இல் இத்தாலி, ஸ்பெயின் ஐசியூக்களில் நடந்த ஆய்வு ஒன்றில், ஒரு பாதிக் கொடையாளர்களுக்கு வழக்கம்போல் பெரிய மூச்சாகக் கொடுத்தார்கள். மறுபாதிக்குச் சின்னச் சின்ன மூச்சாக, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் நுரையீரல் முழுக்கச் சுருங்கிவிடாதபடி கொஞ்சம் அழுத்தத்தை விட்டுவைத்துக் கொடுத்தார்கள். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால், பெரிய மூச்சு கொடுத்தவர்களில் 54 சதவீதம் பேர் தகுதியோடு இருந்தார்கள். சின்ன மூச்சில் 95 சதவீதம். எடுத்துப் பயன்பட்ட நுரையீரல் 27 சதவீதத்திலிருந்து 54 ஆனது. மெஷினில் குமிழைத் திருகுவதில் இவ்வளவு இருக்கிறது.

சுருக்கமாக: 300 என்பது, முழு ஆக்சிஜன் கொடுத்துப் பார்க்கும் பரீட்சையில் தேர்ச்சி மதிப்பெண். தோற்றால் மறுதேர்வு உண்டு. ஜெயித்தாலும் இன்னும் மற்ற பாடங்கள் இருக்கின்றன.

குழாய்க்குள் ஒரு கண்

எக்ஸ்ரே நிழலைத்தான் காட்டும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது நீரா, சளியா, நிமோனியாவா, கட்டிய ரத்தமா என்று அதுவாகச் சொல்லாது. அதனால் நுனியில் கேமரா வைத்த மெல்லிய வளையும் குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கிறார்கள். பிராங்கோஸ்கோபி என்பது இதுதான். சாப்பாட்டுத் துணுக்கு கிடக்கிறதா, சுவர் சிவந்து வீங்கியிருக்கிறதா, சளி என்ன நிறம் என்று நேரில் தெரியும்.

சளி இருந்தாலே ஆகாது என்பதில்லை. சமையலறைத் தரையில் தண்ணீர் கிடந்தால் என்ன செய்வோம்? துடைத்துவிட்டு நிற்போம். காய்ந்தே இருந்தால் யாரோ சிந்தியது. துடைத்த இடத்தில் மறுபடி ஊறினால் குழாய் உடைந்திருக்கிறது. டாக்டரும் சளியை உறிஞ்சிவிட்டுப் பார்ப்பார். சுத்தமாகவே இருந்தால் மேலே தங்கிய சளி. ஆழத்திலிருந்து சீழ் மறுபடி மறுபடி ஊறி வந்தால் தொற்று உள்ளே வேர் விட்டிருக்கிறது. நுரையீரலைப் பெறுகிறவருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வாழ்நாள் முழுக்கக் கொடுக்கப் போகிறார்கள். அவருக்குப் போய் நிமோனியாவையும் சேர்த்துக் கொடுக்க முடியாது.

சிகரெட் கணக்கு

அக்காவின் கேள்விக்கு நேராக வருவோம். புகைத்திருந்தால் நுரையீரல் ஆகாதா?

பழைய விதியில் ஒரு வரம்பு உண்டு: இருபது பேக்-வருடத்துக்குள். பேக்-வருடம் என்றால், தினமும் 20 சிகரெட் வீதம் ஒரு வருடம். இங்கே நம் ஊர்க் கடையில் பெட்டிக்குப் பத்துதான் இருக்கும், அதனால் தினம் இரண்டு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். (பீடிக்கு இந்தக் கணக்கு எழுதப்பட்டதே இல்லை. அதை எப்படிச் சேர்ப்பது என்று டாக்டர்கள்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.) பதினாறு வயதில் ஆரம்பித்து, தினம் ஒரு பெட்டி பிடித்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்குக் கணக்கு மூன்று பேக்-வருடம்தான் வரும். வரம்பு இருபது! ஆக, அந்த வயதில் சிகரெட் காரணமாக மட்டும் நுரையீரலைத் தள்ளுவது என்பது எனக்குத் தெரிந்தவரை நடக்கிற கதை இல்லை.

வயதானவர்கள் விஷயத்திலும் இந்த வரம்பு கல்லில் வெட்டியது கிடையாது. 55 வயதுக்குள், புகைப்பழக்கம் குறைவு, தெளிவான எக்ஸ்ரே, 300க்கு மேல் ஆக்சிஜன் என்ற பழைய பட்டியல், ஆரம்ப காலத்து டாக்டர்கள் அனுபவத்தில் எச்சரிக்கையாகப் போட்டுக்கொண்டது. அந்தக் காலத்து எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. 1963இல் அமெரிக்காவில் முதல் நுரையீரல் மாற்று செய்தபோது நோயாளி 18 நாள்தான் இருந்தார். நீண்ட நாள் வாழவைத்த முதல் அறுவை சிகிச்சை 1983இல் கனடாவின் டொரண்டோவில்தான் நடந்தது. கை தேறிய பிறகு, பட்டியலுக்குக் கொஞ்சம் வெளியே இருக்கும் நுரையீரலையும் எடுத்துப் பார்த்தார்கள். பல இடங்களில் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது.

2012இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. புகைத்தவரின் நுரையீரலைப் பெற்றவர்கள், புகைக்காதவரின் நுரையீரலைப் பெற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே பிழைத்தார்கள். ஆனால் அந்த நுரையீரலையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பட்டியலில் காத்திருப்பவர்களைவிட நன்றாகப் பிழைத்தார்கள். காத்திருப்பதும் ஆபத்துதான் என்பதை நம் பேச்சில் யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

மார்பைத் திறந்த பிறகு

எல்லாம் சரி என்று ஆபரேஷன் தியேட்டர் வரை வந்துவிட்டாலும் கடைசி வார்த்தை அறுவை சிகிச்சை டாக்டரின் கைக்குத்தான். மார்பெலும்பைப் பிளந்து நுரையீரலை நேரில் பார்ப்பார். அமுக்கிப் பார்ப்பார். நல்ல நுரையீரல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். கெட்டியான இடம் தட்டுப்பட்டால் நிமோனியாவோ கட்டிய ரத்தமோ. கடுகு, பட்டாணி போல ஏதாவது உருண்டால் பழைய காசநோய்த் தழும்பா, புற்றுக்கட்டியா என்று யோசிக்க வேண்டும். நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் இந்த விரல் வேலைக்கு இங்கே மதிப்பு கூடுதல்.

அடுத்தது எனக்குப் பிடித்த சோதனை, ஏனென்றால் மெஷினே வேண்டாம். நுரையீரலை நன்றாக ஊதிவிட்டு, வென்டிலேட்டர் குழாயைக் கொஞ்ச நேரம் கழற்றிவிடுவார்கள். நல்ல நுரையீரல் முடிச்சவிழ்த்த பலூன் போலத் தானாகச் சுருங்கும். நீர் கோர்த்த நுரையீரல் நனைந்த மெத்தை மாதிரி. சுருங்காமல் உப்பிக்கொண்டே கிடக்கும்.

இன்னொன்று, ரத்தத்தைத் தனித்தனியாக எடுத்துப் பார்ப்பது. சேலத்தில் தறி போட்டவர்களுக்கு இது உடனே புரியும். நாலு தறியில் ஓடிய துணியை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், எந்தத் தறியில் இழை விட்டுப்போகிறது என்று தெரியாது. மணிக்கட்டில் எடுக்கும் ரத்தம் அந்த மூட்டை. நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் சிரைகள் நான்கு, பக்கத்துக்கு இரண்டாக. ஒவ்வொன்றிலும் தனியாக ரத்தம் எடுத்தால் தப்பு எந்தத் தறியில் என்று தெரிந்துவிடும். மொத்த எண் 260 என்று வந்திருக்கும். பிரித்துப் பார்த்தால் வலது பக்கம் இரண்டும் 450, இடது கீழ்ப்பக்கம் மட்டும் 90 என்று இருக்கலாம். அப்போது வலது நுரையீரலை மட்டும் ஒருவருக்குப் பொருத்தலாம். மூட்டையைப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

யாருக்கு என்பதும் கேள்வி

நல்ல நுரையீரல் என்று சொல்லிவிட்டால் முடிந்ததா? இல்லை. யாருக்கு நல்லது? தமிழ்நாட்டில் காத்திருப்போர் பட்டியலை வைத்துப் பிரித்துக் கொடுப்பது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் என்றால் இங்கே முக்கியமாக மூன்று: ரத்த வகை, கொடையாளரின் திசுக்களை எதிர்க்கும் பொருட்கள் பெறுகிறவர் ரத்தத்தில் இருக்கிறதா என்பது, அப்புறம் அளவு.

அளவு என்றதும் எல்லோரும் உடல் எடையை நினைப்பார்கள். நுரையீரலின் கொள்ளளவு எடையைப் பார்த்து வளர்வதில்லை. உயரத்தையும், ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. தொப்பை போட்டதால் நுரையீரல் பெரிதாகாது. அதற்கும் மேல் நோயைப் பார்க்க வேண்டும். நுரையீரல் நார்த்தன்மையாகி இறுகும் நோய் வந்தவருக்கு மார்புக்கூடு உள்வாங்கியிருக்கும். வருடக்கணக்கில் காற்று வெளியேறாமல் உப்பிய நோயாளிக்கு மார்பு பீப்பாய் மாதிரி விரிந்திருக்கும். உயரமான பையனின் நுரையீரல் இரண்டாமவருக்குப் பொருந்தும், முதலாமவர் மார்பில் மூடவே முடியாமல் போகலாம். அப்படியான நேரத்தில் 'வேண்டாம்' என்ற பதில் நுரையீரலைப் பற்றியதே இல்லை. அன்றைக்குப் பட்டியலில் அந்த ரத்த வகையில், அந்த அளவில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஐஸ் பெட்டியும் தூரமும்

ரத்த ஓட்டம் நின்ற பிறகு ஒரு உறுப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. இதயம் நாலு மணி நேரம். கிட்னி ஒரு நாள்வரைகூட. நுரையீரலுக்கு வழக்கமாக ஆறு முதல் எட்டு மணி நேரம் என்று வைக்கிறார்கள். குளிர்ந்த திரவத்தால் உள்ளே இருக்கும் ரத்தத்தைக் கழுவி வெளியேற்றி, பாதி ஊதிய நிலையிலேயே மூச்சுக்குழாயை அடைத்து, பைக்குள் பை வைத்து ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். பாதி ஊதியிருப்பதற்குக் காரணம் உண்டு. உள்ளே இருக்கும் ஆக்சிஜனை வைத்து அது வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாளித்துக்கொள்ளும். மற்ற உறுப்புகளுக்கு இந்தக் கட்டுச்சோறு கிடையாது.

சேலத்திலிருந்து சென்னை சாலை வழியாகச் சுமார் 340 கிலோமீட்டர். போலீஸ் வழிவிட்டு, உளுந்தூர்பேட்டை தாண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் பாதி நேரம் ரோட்டிலேயே போய்விடும். அங்கே போய்ப் பொருத்துவதற்கும் நேரம் வேண்டும், முதல் நுரையீரலைத் தைத்து முடித்த பிறகுதான் இரண்டாவது. எனவே எந்த ஊரில் எடுக்கிறோம், வானத்தில் கொண்டுபோக வழி இருக்கிறதா என்பதும் தேர்வில் ஒரு பகுதிதான்.

இந்த நேர நெருக்கடியைத் தளர்த்த ஒரு வழி வந்திருக்கிறது. எடுத்த நுரையீரலைக் கண்ணாடிக் கூடு போன்ற பெட்டிக்குள் வைத்து, உடல் சூட்டில் திரவத்தை ஓட்டி, மெஷினால் மூச்சு கொடுத்து, மணிக்கணக்கில் கவனிப்பது. ஸ்வீடனின் லண்ட் நகரத்து டாக்டர்கள் இப்படிச் சோதித்த நுரையீரலைப் பொருத்தியதாக 2001இல் அறிவித்தார்கள். டொரண்டோவில் சந்தேகத்துக்குரிய 23 நுரையீரல்களை இப்படி நாலு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, 20ஐப் பயன்படுத்தியதாக 2011இல் எழுதினார்கள். பழைய முறையில் அவற்றில் பலவற்றை அப்படியே விட்டிருப்பார்கள். செலவு பெரியது, எல்லா ஊரிலும் கிடையாது.

வாசலில்

இவ்வளவையும் அந்த வாசலில் நின்று சொல்ல முடியுமா? ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அக்கா, விபத்துக்கு முன்னால அவன் ஏதாவது சாப்பிட்டிருந்தானா?"

கொஞ்சம் யோசித்தார். "போன் பண்ணானே. பிரெண்ட்ஸோட தட்டுவடை செட்டு, அப்புறம் பரோட்டா. வயிறு ஃபுல்லும்மா, எனக்கு எடுத்து வைக்காதன்னான். பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துடுச்சு. சட்டையெல்லாம் வாந்தின்னு சொன்னாங்க."

அது மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கலாம் என்றேன். உறுதியாக என்னால் சொல்ல முடியாது, உங்களிடம் பேசிய உறுப்பு தான ஒருங்கிணைப்பாளரின் நம்பர் இருந்தால் அவரையே கேளுங்கள், காரணம் ஃபைலில் எழுதியிருக்கும் என்றும் சொன்னேன். சிகரெட்டைப் பற்றி மூன்று பேக்-வருடக் கணக்கையும் சொன்னேன். அது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. உள்ளே போய், டிவி மேல் வைத்திருந்த பழைய டைரியை எடுத்து வந்து, அந்த நம்பரைத் தேட ஆரம்பித்தார்.